இப்போதைய பிள்ளைகள் மேலதிகாரியை மதிப்பதே இல்லையா?

பெரியவர்கள் புலம்புவதைக் கேட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறைந்திருப்பது மதிப்பு இல்லை, பயம்தான்.

என் அப்பா அரசு அலுவலகத்தில் இருந்தவர். லீவு லெட்டரை மேசையில் வைத்துவிட்டு, அதிகாரி நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றுகொண்டே இருப்பாராம். காரணம் ரகசிய அறிக்கை. அதிகாரி நம்மைப் பற்றி வருடா வருடம் என்ன எழுதுகிறார் என்பது, ரொம்ப மோசமாக எழுதினால் ஒழிய, நமக்குத் தெரியவராது. பதவி உயர்வோ அதில்தான் தொங்கும். 2008-ல் தேவ் தத் என்ற அரசு ஊழியர் தொடுத்த வழக்கில் எல்லாக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அடுத்த வருடமே மத்திய அரசு பெயரிலிருந்த 'ரகசியத்தை' எடுத்துவிட்டு அறிக்கையை முழுதாகக் காட்டச் சொல்லிவிட்டது.

அப்புறம் பென்ஷன். தமிழக அரசில் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்ட இருந்த பெரிய காரணமே அது.

ஐடி பக்கம் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வேலையை மதிப்பிடும் அப்ரைசல் மாதம் வந்தால் அங்கேயும் குரல் இறங்கிவிடும் (பெயர் மட்டும் அப்படியே இருக்கும்). என் தங்கை மகன் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை சொன்ன மேனேஜரை விட்டு ஆறே மாதத்தில் ஓடிவந்தான். ஆனால் சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்று விடிய விடியக் கூடவே உட்கார்ந்து பக் (பிழை) தேடிய பழைய டீம் லீடுக்கு இன்றும் பொங்கலுக்குப் போன் செய்கிறான்.