பதில்: முதல் சண்டையிலேயே வீழ்ந்துவிடும் விசார்ட்

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் உங்கள் முதல் நிலை விசார்ட் (மந்திரவாதி) ஒவ்வொரு சண்டையிலும் முதலில் வீழ்வதால், ஃபைட்டருக்கு (போர்வீரர்) மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மந்திரம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால், தயவுசெய்து மாறாதீர்கள்.

ஆறு திறன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் 8-ஐக் கான்ஸ்டிடியூஷனுக்கு (உடல் உறுதி) கொடுத்ததுதான் சிக்கல்: அதனால் உயிர்ப்புள்ளிகள் 5 மட்டுமே கிடைக்கின்றன, அங்கே 14 இருந்தால் 8 கிடைக்கும். 15-ஐ இன்டெலிஜென்ஸுக்கும் (அறிவு) 13-ஐ டெக்ஸ்டெரிட்டிக்கும் (சுறுசுறுப்பு) வைத்து, 8-ஐ ஸ்ட்ரெங்த்துக்கு (உடல் வலிமை) தள்ளிவிடுங்கள். கதாபாத்திரத்தின் இனத்துக்கான கூடுதல் புள்ளிகளைச் சேர்க்காமலே, எட்டு மணி நேரம் நிற்கும் மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரம் உங்கள் ஆர்மர் கிளாஸை (உங்கள் மீது அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண்) 11-இலிருந்து 14-க்கு உயர்த்தும். அதற்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவாகும்; இரண்டாவதை, எதிரிகளைத் தூங்கவைக்கும் ஸ்லீப்புக்கு வைத்திருங்கள். கோப்லின் என்ற குட்டி அரக்கர் கூட்டத்துக்கு எதிராக, இந்த நிலையில் அதைவிடச் சிறந்த மந்திரம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மற்ற சுற்றுகளில், தோழர்களுக்குப் பின்னால் நின்று, 120 அடி வரை பாயும் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தை ஸ்லாட் செலவின்றி எறியலாம்.