ஒரே சாயம், மூன்று பொருள்: எங்கே தவறு?

கேள்வி: கடையில் வாங்கிய நீல நிறத் துணிச்சாயப் பொடியை வெந்நீரில் கரைத்து, வரவேற்பறைக்காகப் பழைய குஷன் உறை, பனையோலைப் பெட்டி, மரத்தட்டு மூன்றையும் முக்கினேன். உறை வெளுத்த நீலமாக வந்தது, பெட்டி திட்டுத்திட்டாக இருக்கிறது, தட்டில் சாயம் ஏறவே இல்லை. பொடி தரமில்லாததா?

பதில்: பொடி நல்லதாகவே இருக்கும். பெயின்ட் எதன் மேலும் படிந்துவிடும். சாயம் பொருளுக்குள் ஊறிப் போய்ப் பிடிக்க வேண்டும். அதனால் பொருள் எதனால் ஆனது என்று பார்த்துவிட்டுத்தான் சாயம் வாங்க வேண்டும்.

முதலில் உறை. தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல நின்றால் பாலியஸ்டர். உங்களுடையது பெரும்பாலும் இரண்டும் கலந்தது. பருத்திப் பங்கு மட்டும் சாயம் குடித்திருக்கிறது. பாலியஸ்டருக்கு வேறு வகைச் சாயமும், மில் இயந்திரத்தில் அழுத்தத்தோடு சுமார் 130 டிகிரி சூடும் வேண்டும். வீட்டு அடுப்பில் அது ஆகாத காரியம்.

சுத்தப் பருத்தி என்றால் 'ரியாக்டிவ்' சாயம் வாங்குங்கள். கால் கிலோ துணிக்கு 5 லிட்டர் தண்ணீர், 10 கிராம் சாயம், 250 கிராம் உப்பு. நனைத்த துணியை அதில் போட்டு 20 நிமிடம் கிளறுங்கள். அப்புறம் 75 கிராம் சலவை சோடாவைத் தனியாகக் கரைத்து, துணி மேல் படாமல் ஊற்றி, அவ்வப்போது கிளறி ஒரு மணி நேரம் விடுங்கள். சோடா சேர்ந்தால்தான் சாயம் நூலோடு பிணையும். சமையல் சோடா இதற்குப் போதாது. கடைசியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். தையல் நூல் பாலியஸ்டராக இருந்தால் அது வெள்ளையாகவே நிற்கும், பயப்படாதீர்கள். அடர் நீலத்தில் அந்த வெள்ளைத் தையல் எனக்கு அழகாகவே படுகிறது.

பெட்டி விஷயம் வேறு. அதைக் கையில் எடுத்து லேசாக வளைத்துப் பாருங்கள். ஓலை ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் சாயம் படாத வெளிர்க் கோடுகள் தெரியும். இதனால்தான் முடைபவர்கள் ஓலையாக இருக்கும்போதே சாயத்தில் வேகவைத்து, உலர்த்தி, அதற்கப்புறம் முடைகிறார்கள். முடைந்த பெட்டி என்றால் முந்தின இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஓலை இளகி இடுக்கு கொஞ்சம் விலகும். மறுநாள், ஓலைக்கும் கோரைக்கும் என்றே விற்கும் சாயப்பொடியை வெந்நீரில் கரைத்து, முழுதும் மூழ்கவைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் திருப்பித் திருப்பி விடுங்கள். சோடா வேண்டாம், ஓலை பழுப்பேறும். நிழலில் உலர்த்துங்கள். பளிச்சென்ற இந்தச் சாயங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

தட்டின் மேல் வார்னிஷ் இருக்கும், அதுதான் சாயத்தைத் தடுத்தது. 120 நம்பர் உப்புத்தாளால் வார்னிஷ் போகும்வரை தேய்த்து, 220-ல் மழமழப்பாக்குங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மரநார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் திரும்ப ஒருமுறை தேயுங்கள். பிறகு அடர்த்தியாகக் கரைத்த சாயத்தைத் தூரிகையால் பூசுங்கள். தேக்கு மாதிரி பழுப்பு மரத்தில் நீலம் பச்சை தட்டி மங்கும். வெளிறிய மரத்தில்தான் நீலம் நீலமாக நிற்கும். தட்டின் அடிப்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, எண்ணெய் வகை வார்னிஷ் அடியுங்கள்; தண்ணீர் வகை அடித்தால் சாயம் கரைந்து இழுபடும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். சாயத்துக்கு எடுத்ததைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. பொடியைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சாயமேற்றிய பெட்டியிலும் தட்டிலும் பலகாரமோ பழமோ வைக்க வேண்டாம். மீந்த சாயத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், அதில் கால் கிலோ உப்பு இருக்கிறது.