நன்றாகத் தின்றும் மெலியும் கடல் மீன்: குடலில் ஒட்டுண்ணியா, பட்டினியா?

கேள்வி: கிளிநொச்சியில் நான்கு அடித் தொட்டி ஒன்றில், முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவந்த நீரில், இரண்டு நெமோ மீன்களும் ஒரு கடற்சாமந்தியும் (பூப்போன்ற கடல் உயிர்) பவுடர் புளூ டாங் என்னும் நீல மீன் ஒன்றும் வளர்க்கிறேன். டாங் நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் சில கிழமைகளாக மெலிந்து வருகிறது. வெள்ளை நூல் போல மலம் கழிக்கிறது. மீன் கொண்டுவந்து தந்தவர் குடற்புழு என்று சொல்லி, பெயர் ஒட்டாத போத்தலில் ஒரு மருந்து தந்தார். அதைத் தொட்டியில் ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். போத்தலைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே இருப்பது இன்னதென்று எழுதாத மருந்தை விற்பவர், உங்கள் மீனைக் குணப்படுத்துவதற்காக அதை விற்கவில்லை. வன்னியில் கடல் மீன் வளர்ப்போர் சிலரே என்பதாலும், அவர்கள் கேட்டறிய ஆளில்லை என்பதாலும், இத்தகைய தரகர்கள் நோயாளி மீனையும் விற்று அதற்கான மருந்தையும் விற்கிறார்கள். இத்தகைய போத்தலில் செப்புக் கரைசல் இருக்கக்கூடும். செப்பு மீனின் தோலிலும் பூவிலும் (செவுளிலும்) உள்ள சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும். குடலுக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. ஆனால் உங்கள் கடற்சாமந்தியை அது கொன்றுவிடும். தொட்டியிலுள்ள முருகைக் கற்களிலும் படிந்து, பின்னர் சிறிது சிறிதாக நீரில் கலந்துகொண்டே இருக்கும்.

இனி உங்கள் கவலைக்கு வருவோம். வெள்ளை நூல் போன்ற மலம் மட்டும் ஒட்டுண்ணிக்குச் சான்றல்ல. குடலில் உணவு போதாதபோது, குடற்சுவரின் சளி மட்டும் வெளியேறி அப்படித் தோன்றும். கொண்டுவரும்போது ஏற்பட்ட அதிர்ச்சி, பற்றீரியத் தொற்று ஆகியவற்றாலும் அது நேரும். ஆகவே மலத்தை மட்டும் பார்க்காமல் மீனின் உடலைப் பாருங்கள். மீன் கண்ணாடிக்கு நேராக உங்களை நோக்கி வரும்போது அதன் முதுகைக் கவனியுங்கள்: தலைக்குப் பின்னால் முள்ளந்தண்டின் இருபுறமும் சதை நிறைந்திருக்க வேண்டிய இடம் ஒடுங்கிக் கத்தி முனைபோல் தெரிந்தால், மெலிவு நீண்ட காலமாக நடந்துவருகிறது. வயிறு மட்டும் ஒட்டியிருந்து முதுகு நிறைந்திருந்தால், அது அண்மைக்காலப் பட்டினியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனவே என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்பதே முதற் கேள்வி. டாங் பகல் முழுவதும் பாசியை மேய்ந்து வாழும் மீன். நெமோவுக்குப் போடும் இறால் துண்டுகளை அதுவும் ஆவலோடு தின்னும். தின்பதைப் பார்த்து நீங்கள் நிம்மதியடைவீர்கள். ஆயினும் அது மெலியும். உப்பும் எண்ணெயும் சேர்க்காத உலர் கடற்பாசித் தாளை, அதாவது நோரியை, ஒரு கிளிப்பில் பொருத்தி நாள் முழுவதும் தொட்டியில் வைத்துப் பாருங்கள். மலம் பச்சை நிறமாகித் துண்டுதுண்டாக அடியில் விழத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைகளில் முதுகு நிறைந்து வந்தால், உங்கள் மீனுக்கு நோயில்லை. பாசியை இடைவிடாது மேய்ந்தும் முதுகு ஒடுங்கிக்கொண்டே போனால் மட்டும் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். அதிலும், நந்திக்கடலில் பிடித்த கூனி இறாலைப் பச்சையாகப் போடும் பழக்கம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஏனெனில் பல குடற்புழுக்களின் குஞ்சுப்பருவம் இத்தகைய சிற்றுயிர்களுக்குள் வளர்ந்தே மீனை வந்தடைகிறது. அந்த இறாலை உறைபெட்டியில் ஒரு கிழமைக்குக் குறையாமல் உறையவைத்த பின்னரே கொடுங்கள்.

சந்தேகத்தைத் தீர்ப்பது நுணுக்குக்காட்டி ஒன்றுதான். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. மீன் என்றால் ஓர் அலுவலகம், நோய் என்றால் இன்னோர் அலுவலகம் என்று மக்களை அலையவிடுகிறார்கள். நோயைப் பார்க்கும் அலுவலகத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் மாட்டையும் ஆட்டையும் பார்க்கப் பழகியவர்கள். நாட்டில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனையில் மட்டுமே உண்டு. செத்த மீனைப் பொதி செய்து ஏ-9 வீதி வழியே அங்கு அனுப்பிப் பயனில்லை. மீன் இறந்ததும் அதன் குடல் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடும், நுண்ணுயிர் ஒட்டுண்ணிகளும் விரைவில் அழிந்துபோகும். ஆனால் உயர்தர உயிரியல் கற்பிக்கும் பாடசாலைகளில் நுணுக்குக்காட்டி இருக்கும். ஆசிரியர் ஒருவரின் உதவியைக் கேளுங்கள். மலம் மணலைத் தொடும் முன்பே குழாயால் உறிஞ்சி எடுங்கள். மணலில் விழுந்துவிட்டால் தொட்டியில் இயல்பாக வாழும் புழுக்களும் அதில் ஏறிக்கொள்ளும், அவற்றைப் பார்த்து வீணாகப் பயப்படுவீர்கள். ஒரு துளித் தொட்டி நீருடன் கண்ணாடித் தகட்டில் வைத்து, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் புழு முட்டைகளையும், 400 மடங்கில் துடித்தோடும் கசையுயிர்களையும் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைக்கல ஒட்டுண்ணிகளையும்) தேடுங்கள். கசையுயிர்கள் சற்று நேரத்தில் அசைவிழந்துவிடும். ஆகவே மீனை ஒரு வாளியில் பாடசாலைக்கே கொண்டுபோய், அங்கு அது கழிக்கும் மலத்தை எடுப்பது நல்லது.

கண்டது எதுவோ அதற்கே மருந்து. நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் பிராசிகுவான்டல், உருளைப்புழுவுக்கு பென்பென்டசோல், கசையுயிருக்கு மெற்றோனிடசோல். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆகையால் ‘எல்லாப் புழுவுக்கும்’ என்று ஒரே போத்தலை நீட்டுபவரை நம்ப வேண்டாம். ஆட்டுக்குக் கொடுக்கும் புழு மருந்தைத் தொட்டியில் ஊற்றச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். குடல் நோய்க்கு மருந்து உணவோடுதான் போக வேண்டும்: மிருக வைத்தியர் எழுதிய அளவை ஜெலட்டினில் கலந்து, உணவோடு பிசைந்து, தனித்தொட்டியில் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நன்னீர் மீன் வளர்த்தவர்கள் இதை அறியாமல் தவறான யோசனை சொல்வதால் விரித்துச் சொல்கிறேன். நன்னீர் மீன் பெரும்பாலும் நீர் குடிப்பதில்லை. கடல் மீனின் உடலிலிருந்தோ உப்பு நீர் இடைவிடாது நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய அது ஓயாமல் கடல்நீரைக் குடிக்கிறது. எனவே நீரில் கரைத்த மருந்தில் ஒரு பகுதி அதன் குடலையும் சென்றடையும். தின்ன மறுக்கும் மீனுக்கு இந்த ஒரு வழியே மிஞ்சும். தனித்தொட்டியில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் பிராசிகுவான்டல் என்பது வழக்கமான அளவு. 50 லீற்றருக்கு 100 மில்லிகிராம் மட்டும். சமையலறைத் தராசு இந்த நிறையைக் காட்டாது. மருந்தகத்தில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த மருந்து நீரில் எளிதில் கரையாது. தொட்டியிலுள்ள பற்றீரியாக்களும் சில நாட்களில் அதைச் சிதைத்துவிடும். காற்றுக் குழாயை நிறுத்தாமல் ஓடவிடவும் வேண்டும். உங்கள் டாங் இன்னும் நன்றாகத் தின்பதால் இந்த வழி உங்களுக்குத் தேவையில்லை. நன்னீர் மீன் வளர்த்தவர்கள் உப்புப் போடச் சொன்னால், அந்த யோசனை கடல் தொட்டிக்குப் பொருந்தவே பொருந்தாது.

நெமோக்கள் இரண்டும் முதுகு நிறைந்து, உணவின் நிறத்திலேயே மலம் கழித்தால், அவற்றுக்கு எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். தம் வாழ்வைச் சுற்றி முடிக்க வேறோர் உயிர் தேவைப்படும் புழுக்கள், அந்த உயிர் இல்லாத கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்குத் தாமாகப் பரவ முடியாது.