கையில் 3 மில்லி ஊசி போட்டால் தசை அழுகிவிடுமா?

அழுகாது. அசதிக்காக 3 மில்லி பி வைட்டமின் ஊசியை மூன்று முறை கையில் போட்டுக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஊசி இறங்கும்போது கட்டைவிரல் வரை கரண்ட் அடித்தது போல ஓடியது, ஆறு நாளாகக் கட்டைவிரலின் பின்பக்கம் மரத்திருக்கிறது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கினால் மணிக்கட்டு தளர்ந்துபோகிறது என்று. அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் மில்லி கணக்கும் காற்றுக் குமிழியும்தான். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். இன்றைக்கே ஒரு மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

ரேடியல் நரம்பு என்று ஒன்று மேல்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, மேல்கையின் நடுப்பகுதிக்குக் கீழே வெளிப்பக்கம் வருகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கு அதுதான் கட்டளை கொண்டுபோகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைத் தோலின் உணர்ச்சியும் அதனுடையது. தோள்பட்டை தசையில் சரியான இடத்தில் போட்டால் ஊசி இந்த நரம்பின் பக்கமே போகாது. கொஞ்சம் கீழே இறங்கினாலோ பின்பக்கம் தள்ளிப் போனாலோ போய்விடும். இறுக்கமான கைச்சட்டை பாதிக்கு மேல் ஏறாதபோது, தெரிகிற இடத்தில் குத்திவிடுவதால் நடப்பது இது. உங்களுக்கும் சட்டையை முழங்கைக்குச் சற்று மேலே வரைதான் சுருட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிளம்பும் முன் ஒன்று செய்து பாருங்கள். முன்கையை மேசையில் வையுங்கள், உள்ளங்கை கீழே பார்க்கட்டும், மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள பகுதி மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். இப்போது மணிக்கட்டை மேலே தூக்குங்கள். பிறகு கட்டைவிரலை மட்டும் விரித்துத் தூக்குங்கள். மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூக்கவே முடியாமல் கை தொங்கினால் அவசரம் இன்னும் கூடுதல். நன்றாகவே தூக்க முடிந்தாலும் மரப்பு இருக்கிற வரை போகத்தான் வேண்டும்.

மருத்துவர் தசையின் பலத்தையும் தோலின் உணர்ச்சியையும் சோதிப்பார். மணிக்கட்டு தொங்காமல் இருக்க ஒரு பட்டை, விரல்கள் இறுகாமல் இருக்கப் பிசியோதெரபி, இவைதான் தொடக்கம். நரம்பின் மின்கடத்தும் பரிசோதனையை உடனே எடுத்தால் பாதிப்பு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியாது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் சரியாகச் சொல்லும். அதற்காக முதல் பரிசோதனையை மூன்று வாரம் தள்ளிப்போடக் கூடாது. நரம்பு அறுபடாமல் அடிபட்டிருந்தால் பெரும்பாலும் தானே மீளும், வாரங்கள் அல்லது மாதங்கள் ஆகும். உள்ளே இழைகள் அறுந்திருந்தால் நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் திரும்ப வளரும், பொறுமை வேண்டும். அதுவரை அந்த இடத்தை அழுத்தி உருவிவிடுவது, மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது இரண்டும் வேண்டாம்.

சரி, மில்லி கணக்குக்கு வருகிறேன். தோள்பட்டை தசை சிறியது. பெரியவர்களுக்கு அங்கே 1 மில்லி என்பது வசதியான அளவு. தசை நன்றாகத் திரண்டவர்களுக்கு 2 மில்லி வரை போடுவதுண்டு, அதுதான் எல்லை. மருத்துவ நூலுக்கு நூல் இது சற்று மாறும், ஆனால் 3 மில்லியை அங்கே போடச் சொல்லமாட்டார்கள். அதற்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் தொடையின் வெளிப்பக்கமும் இருக்கின்றன. அளவு மீறினால் என்ன ஆகும்? தசை இழைகள் விலகி அழுத்தம் கூடும், வலிக்கும், மருந்தில் கொஞ்சம் தோலுக்கடியில் கசிந்து கட்டி போல நிற்கும். உங்களுக்கு இரண்டாவது ஊசிக்குப் பிறகு வந்த கட்டி அதுதான். ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும். சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பெரிதாகிக் காய்ச்சலும் வந்தால் மட்டும் சீழ் என்று சந்தேகிக்கலாம்.

அளவு மட்டுமல்ல, மருந்தும் இடத்தைத் தீர்மானிக்கும். 3 மில்லி ஆம்பூலில் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பியில்) வரும் 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் வலி ஊசியை இடுப்பில் ஆழமாகத்தான் போட வேண்டும். பென்சத்தீன் பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியும் கைக்கு உரியதல்ல. மாறாக, ரேபீஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகளைப் பெரியவர்களுக்குக் கையில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் எதிர்ப்பு சக்தி சரியாக உண்டாகாமல் போகலாம். இடம் என்று எடுத்தால், தோளின் மேல் முனையில் தடவினால் தட்டுப்படும் எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, கையின் வெளிப்பக்க நடுவில். அதற்கு மேலே போனால் தோள் மூட்டின் உறைக்குள் மருந்து இறங்கிக் கையைத் தூக்க முடியாத வலி வரும். கீழே போனால் என்ன என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

மற்றவை சின்ன விஷயங்கள். சிரிஞ்சில் தெரிந்த சிறு காற்றுக் குமிழி தசைக்குள் போனால் ஒன்றும் ஆகாது. ஊசியை எடுத்ததும் வந்த துளி ரத்தம் தோலிலிருந்து வந்தது. ஊசியைக் குத்தியதும் ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் தடுப்பூசி போடும்போது அது தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் உங்களுக்குக் கெடுதல் எதுவும் நடக்கவில்லை.

மீதி இரண்டு ஆம்பூலைக் கணவர் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே போடத் தயாராக இருக்கிறார் என்கிறீர்கள். கூடவே கூடாது. அந்த ஊசியே உங்களுக்குத் தேவையா என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அசதி என்றால் ரத்தசோகையா, தைராய்டா, சர்க்கரையா, தூக்கமின்மையா என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு இணையத்தில் யாரோ சொன்ன பி வைட்டமின் ஊசியைப் போட்டுக்கொண்டால், இனி ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்தாலும் அது உண்மையைச் சொல்லாது. பி6 அதிக அளவில் நீண்ட நாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். குறைபாடு உறுதியானால் பலருக்கு மாத்திரையே போதும்.

இனி எப்போது ஊசி போட்டாலும் சட்டையைத் தோள் வரை விலக்கிவிட்டு உட்காருங்கள். ஊசி இறங்கும்போது கரண்ட் ஓடினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் 'நிறுத்துங்கள், எடுத்துவிடுங்கள்' என்று உடனே சொல்லுங்கள். மருந்து பாதி மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. இன்று மருத்துவரிடம் போகும்போது அந்த ஆம்பூல்களின் பெட்டியையும் எடுத்துப்போங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில், எந்த இடத்தில் போட்டார்கள் என்பதை அவர் கட்டாயம் கேட்பார்.