கனமான தகடு காப்பாற்றுமா? கார்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: அந்தக் காலக் காரா, இந்தக் காலக் காரா? இரண்டையும் ஒரே படியால்தான் அளக்கிறோமா என்று முதலில் பார்த்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்பச் செய்வது அதைத்தான்.

கேள்வி: அப்பா வைத்திருந்த கார் சுவரில் இடித்தால் சுவர்தான் பெயரும். என் காரில் கை ஊன்றினாலே தகடு குழிகிறது. பழைய கார்தான் பாதுகாப்பு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கை உயிர் சம்பந்தப்பட்டது.

மெதுவாக உரசும்போது பழைய கார்தான் ஜெயிக்கும். கனத்த தகடு, குரோம் பூசிய இரும்பு பம்பர், ஒரு கீறலோடு போய்விடும். வேகமான மோதலில் கணக்கே வேறு. வண்டி நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். அவரை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஓர் உடலை 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அதன்மேல் சராசரியாக அதன் எடையைப் போல 80 மடங்கு விசை விழும். 60 சென்டிமீட்டர் கிடைத்தால் அது சுமார் 27 மடங்காக இறங்கிவிடும். அந்தக் கூடுதல் தூரத்தைச் சம்பாதித்துத் தரத்தான் புதிய காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குகிறது.

இந்த யோசனை புதியதும் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950-களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். முன்னும் பின்னும் நசுங்கட்டும், நடுவில் ஆள் உட்காரும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. 1959-ல் வந்த டபிள்யூ111 வரிசையில் அது சாலைக்கு வந்தது. ஆனால் அதே 1959-ல் உலகம் முழுக்க விற்ற பெரும்பாலான கார்களில் இப்படி எதுவும் கிடையாது.

அதை நேரிலேயே பார்க்கலாம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு அமைப்பு, 2009-ல் தன் 50-ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை செய்தது. 1959 செவர்லே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 செவர்லே மாலிபு மறுபக்கம். ஏறக்குறைய ஒத்த எடை, இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம், முன்பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் மோதும்படி. பெல் ஏரில் டிரைவர் உட்காரும் இடமே குலைந்துபோனது. ஸ்டீயரிங் உள்ளே வந்தது, கதவும் டேஷ்போர்டும் பொம்மை மனிதன்மேல் ஏறின. உண்மையான ஆள் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம், அவ்வளவுதான். பழைய காரில் என்ஜினைக் கழற்றிவிட்டுத்தான் மோதினார்கள் என்று பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. அது தவறு. ஆறு சிலிண்டர் என்ஜின் உள்ளேயேதான் இருந்தது. அந்தப் பதிவை வீட்டில் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள், நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

கை ஊன்றினால் குழியும் தகடு காரின் தோல். பாரம் தாங்குவது அதற்குள் இருக்கும் எலும்புக்கூடு. இன்றைய கார்கள் பலவற்றின் கதவுத் தூண்களிலும் கூரை விளிம்பிலும், சூடாக்கி அச்சில் அழுத்தி உருவாக்கிய மிக வலுவான போரான் எஃகு இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களை வெட்டி எடுக்கும் மீட்புப் படையினரின் பழைய ஹைட்ராலிக் கத்தரிகள் அதன் முன் திணறியதால், இன்னும் பலமான கத்தரிகள் வாங்க வேண்டியிருந்தது. பானட்டைத் தட்டிப் பார்த்து ஒரு காரின் பலத்தைக் கணிக்க முடியாது.

கேள்வி: ஆறு ஏர்பேக் இருக்கிற காரில் சீட் பெல்ட் அவசியமா?

அவசியம். பின்சீட்டிலும். ஏர்பேக் பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படிதான் அளக்கப்படுகிறது. கண் இமைப்பதற்குள், சில பத்து மில்லி விநாடிகளில், அது ஊதி முடிந்துவிடும். பெல்ட் போடாத உடல் பிரேக் அடிக்கும்போதே முன்னால் நகர்ந்து, பை விரிந்துகொண்டிருக்கும்போதே அதன் முகத்தில் போய் நிற்கும். காப்பாற்ற வந்ததே அப்போது அடிக்கும்.

மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வால்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான இருக்கைகளில் வேலை பார்த்தவர், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கைகள் அவை. வால்வோ அந்தப் பெல்ட்டின் காப்புரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கார் வரலாற்றில் நான் மனதார மதிக்கும் முடிவுகளில் அது முதலாவது.

கேள்வி: பத்து வருடத்துக்கு முன் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் ஒன்று, போன வருடம் நான்கு நட்சத்திரம் வாங்கிய கார் ஒன்று. எதை எடுப்பது?

இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் நான்கு நட்சத்திரத்தைத்தான் சொல்வேன். காரை மோதவிட்டுச் சோதித்துக் கொடுக்கும் நட்சத்திரம் என்பது பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரி. வினாத்தாள் வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டே போகிறது.

இதற்கு ஃபியட் புன்டோவைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2005-ல், ஐரோப்பாவில் கார்களைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களைப் பாதுகாப்பதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கார் பெரிதாக மாறாமல் விற்பனையில் இருந்தது. 2017-ல் திரும்பச் சோதித்தபோது பூஜ்ஜியம். பன்னிரண்டு வருடத்தில் அதன் இரும்பு இளகிவிடவில்லை. சோதனையில் புதிய மோதல்கள் சேர்ந்தன, பின்சீட்டையும் பாதசாரிகளையும் கணக்கில் எடுத்தார்கள், தானாக பிரேக் பிடிக்கும் வசதி போன்றவற்றுக்கும் மதிப்பெண் வந்தது. யூரோ என்கேப் 1997-ல் தொடங்கியபோது ரோவர் 100 ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கியது. முதல் ஐந்து நட்சத்திரம் 2001-ல் ரெனோ லகூனாவுக்குத்தான். அந்த ஐந்தையும் இன்றைய ஐந்தையும் பக்கத்தில் வைக்கவே முடியாது.

ஆனால் நான்கு நட்சத்திரம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடவும் வேண்டாம். அறிக்கையைத் திறந்து, எந்த வருடத்து விதிகளின்படி சோதித்தார்கள், பெரியவர் பாதுகாப்புக்கு மட்டும் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எச்சரிக்கை மணி, தடம் மாறாமல் காக்கும் உதவி போன்ற வசதிகள் இல்லாததால் ஒரு நட்சத்திரம் போயிருந்தால் அது ஒரு மாதிரி. நெஞ்சுக்கான பாதுகாப்பு பலவீனம் என்று போட்டிருந்தால் அது முற்றிலும் வேறு. பயணிகள் கூடு நிலையாக நின்றதா, குலைந்ததா என்றும் சில அறிக்கைகளில் எழுதியிருப்பார்கள். நான் முதலில் தேடும் வரி அதுதான். கடைசியாக, சோதித்த வேரியன்ட்டில் இருந்த ஏர்பேக்குகள் நீங்கள் வாங்கும் வேரியன்ட்டிலும் இருக்கின்றனவா? இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சோதனையால் தயாரிப்பாளர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2012-ல் ஐஐஎச்எஸ், முன்பக்கத்தின் நான்கில் ஒரு பங்கு மட்டும் மோதும் சோதனையை டிரைவர் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. பலர் டிரைவர் பக்கத்தைப் பலப்படுத்தினார்கள். பிறகு மறுபக்கத்தையும் மோதிப் பார்த்தபோது, சில கார்களில் அந்தப் பக்கம் அவ்வளவு பலமாக இல்லை. அதன் பிறகுதான் பக்கத்து இருக்கைக்கும் தனி மதிப்பெண் வந்தது.

கேள்வி: 1970-களின் அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்) கார்களில் 350, 400 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கிறது. இன்றைய இரண்டு லிட்டர் என்ஜின் 250 தருவதைப் பெரிதாகப் பேசுகிறார்களே, ஏன்?

அந்த 400-ம் இந்த 250-ம் வேறு வேறு படியால் அளந்தவை. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் என்ஜினைத் தனியாக மேடையில் வைத்து, மின் உற்பத்திக் கருவி, ஏர் ஃபில்டர், முழு சைலன்ஸர் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு அளந்த மொத்தத் திறனைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். 1972 மாடல்களிலிருந்து, காரில் எப்படிப் பொருத்தியிருக்கிறதோ அப்படியே வைத்து அளந்த நிகரத் திறன். காடிலாக்கின் 8.2 லிட்டர் வி8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் மொத்தத் திறன் 365, 1972-ல் நிகரத் திறன் 235. என்ஜின் ஏறக்குறைய அதேதான். அப்படிப் பார்த்தால் இன்றைய இரண்டு லிட்டர் டர்போ, நான்கு மடங்கு பெரிய அந்த என்ஜினை மிஞ்சுகிறது. இது நிஜமாகவே பெரிய விஷயம்.

எடையை மறந்துவிடாதீர்கள். 1976-ல் வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. எட்டாம் தலைமுறை ஜிடிஐ 245 குதிரைத்திறன், எடை 1,450 கிலோவை ஒட்டி. திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. டன்னுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் கால் பங்குதான் கூடியிருக்கிறது. மீதியை எடை தின்றுவிட்டது. அந்த எடையில் ஏர்பேக்குகளும் கதவுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பிகளும் அடக்கம் என்பதால் எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனாலும் பழைய ஜிடிஐயை வளைவில் திருப்பியவர்கள் ஏன் அதை மறப்பதில்லை என்பது எனக்குப் புரிகிறது.

கேள்வி: பெரிய எஸ்யூவி வாங்கினால் குடும்பத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு என்கிறார்களே?

பாதி உண்மை. 1,000 கிலோ காரும் 2,000 கிலோ காரும் ஆளுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், கனமான கார் போன திசையிலேயே இரண்டும் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கனமான காருக்கு வேகம் 40 குறைகிறது. இலகுவான காரோ 60-லிருந்து பின்னோக்கி 20 வரை தள்ளப்படுகிறது, அதாவது 80. நீங்கள் பெறும் பாதுகாப்பில் ஒரு பங்கு எதிரே வருபவர் கணக்கில் எழுதப்படுகிறது.

மரத்திலோ பாலத் தூணிலோ மோதினால் அந்தச் சலுகை பெரிதாக இல்லை. உயரமான வண்டி திடீர் திருப்பத்தில் கவிழும் வாய்ப்பும் அதிகம். 1997-ல் சுவீடன் பத்திரிகை ஒன்றின் சோதனையில் உயரமான சிறிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது, அதன் பிறகு அந்தக் காரில் இஎஸ்பி என்ற, வண்டி சறுக்காமல் பிடித்துவைக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டை எல்லாவற்றிலும் கட்டாயமாகப் பொருத்தினார்கள். உயரமான வண்டி எடுப்பவர்கள் இஎஸ்பி இல்லாததைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எல்லாக் கார்களும் ஏன் ஒரே முகமாக இருக்கின்றன? வடிவமைப்பாளர்களுக்குக் கற்பனை வற்றிவிட்டதா?

கற்பனை வற்றவில்லை, கைகால் அசைக்க இடம் குறைந்துவிட்டது. பாதசாரியின் தலை பானட்டில் விழுந்தால் தகடு அமுங்க இடம் வேண்டும். அதனால் என்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு பானட் உயர்ந்தது. தாழ்வான மூக்கோடு வந்த 2006 ஜாகுவார் எக்ஸ்கே, மோதும் கணத்தில் பானட்டைத் தானே மேலே தூக்கும் ஏற்பாட்டோடு வர வேண்டியிருந்தது. பக்கவாட்டு மோதலுக்காகக் கதவு தடித்தது, கூரை பலத்துக்காகத் தூண் பருத்தது, ஜன்னல் சிறுத்தது. காற்றும் ஒரே பாடத்தைத்தான் எல்லோருக்கும் நடத்துகிறது. 1982 ஆடி 100, கண்ணாடியைத் தகட்டோடு மட்டமாகப் பதித்து 0.30 என்ற இழுவை எண்ணை (காற்றுத் தடையின் அளவு, குறைந்தால் நல்லது) தொட்டது, பிறகு எல்லோரும் அந்த வழியில் வந்தார்கள்.

என் கண்ணுக்கு இன்றும் ஈடில்லாத கார் 1955-ன் சிட்ரோயன் டிஎஸ். உருவம் சிற்பி ஃப்ளாமினியோ பெர்டோனியுடையது, எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன் பால் மஜேஸுடையது. 1962-ல் பிரெஞ்சு அதிபர் டி கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்கள் துளைபட்ட டிஎஸ் அவரைச் சுமந்துகொண்டு தப்பியது. அப்படிப்பட்ட காரைவிடவும், மோதலைத் தாங்கும் விஷயத்தில் இன்றைய மிகச் சிறிய காருக்கே முன்னுரிமை தருவேன்.

கேள்வி: பழைய கார்களில் இருந்து இன்று திரும்ப வர வேண்டியது என்று எதையாவது நினைக்கிறீர்களா?

பொத்தான்கள். தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய திருகு குமிழும் சுவிட்சும். திரையில் மூன்று பக்கம் புரட்டி வைப்பரைப் போடுவதற்குள் கண் எத்தனை மீட்டர் சாலையைத் தவறவிடுகிறது! 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி சுவிட்ச் இருப்பதை யூரோ என்கேப் மதிப்பெண்ணில் சேர்க்கிறது. எனக்கு அதில் உள்ளபடியே மகிழ்ச்சி.

கேள்வி: தாத்தாவின் 1960-களின் கார் எங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறது. தினமும் ஓட்டலாமா?

தினமும் நெடுஞ்சாலையில் வேண்டாம். விடுமுறை காலையில், நெரிசல் இல்லாத நேரத்தில், ஆசை தீர ஓட்டுங்கள். அதற்கு முன் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள், நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். டயரின் மேல் வரிகள் (பூ) அழியாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஓடாமல் நின்ற காரில் அதைப் புதுப்பிக்காமல் கிளம்பக் கூடாது. மூன்று முனை பெல்ட் பொருத்தலாம், ஆனால் வெறும் தகட்டில் துளை போட்டு வேண்டாம். பலப்படுத்திய பிடிமானம் தூணில் இருக்கிறதா என்று அந்த மாடலை அறிந்த மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். அந்தக் காலத்து இருக்கைகளில் பெரும்பாலும் தலைதாங்கி கிடையாது, பின்னாலிருந்து ஒருவர் இடித்தால் கழுத்துதான் வாங்கும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண் பின்கண்ணாடியில் இருக்கட்டும்.