சரியான தூரத்தில் இருந்தால் போதுமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் அறிவியல் கண்காட்சிக்கு ‘உயிர் வாழத் தகுந்த கோள்’ என்ற மாதிரியைச் செய்கிறார்கள். நடுவில் ஒரு விளக்கு, அதிலிருந்து சரியான தூரத்தில் ஒரு நீலப் பந்து என்று தொடங்கியிருக்கிறோம். தூரம் சரியாக இருந்தால் போதுமா, வேறு என்னென்ன காட்ட வேண்டும்? ‘இரண்டாம் பூமி கண்டுபிடிப்பு’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதையெல்லாம் நம்பலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு மாணவி, ஆக்சிஜன் இருந்தால்தானே உயிர் இருக்கும் என்கிறாள். இவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: விளக்கும் நீலப் பந்தும் அப்படியே இருக்கட்டும். அந்தப் பந்தின் பக்கத்திலேயே ஒரு சாம்பல் நிறப் பந்தையும் வையுங்கள். அது நிலா.

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரமான 15 கோடி கிலோமீட்டரை உங்கள் மேசையில் ஒரு மீட்டராகச் சுருக்கினால், பூமிக்கும் நிலாவுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்தான். அதாவது, தூரக் கணக்கில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில். ஆனால் நிலாவின் நடுக்கோட்டருகே பகல் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது, இரவில் மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. 2023 ஆகஸ்டில் நிலாவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3, மண்ணுக்குள் ஓர் உணர்கருவியைச் செருகி அளந்தது. மேலே 50 டிகிரிக்கு மேல், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. ஒரு விரல் நீளத்துக்குள் இத்தனை வேறுபாடு! வெப்பத்தைப் பரப்பி வைக்கக் காற்றும் இல்லை, நீரும் இல்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: போதாது. தூரம் ஒரு கோளுக்கு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான். கிடைத்த காற்றையும் நீரையும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கைநழுவாமல் வைத்துக்கொள்ளத் தெரிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் மாதிரி இதைக் காட்டினால், கண்காட்சிக்கு வருகிறவர்கள் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு போவார்கள்.

மேசையில் வண்ணத் தாளால் ஒரு பட்டை ஒட்டச் சொல்லுங்கள். அதுதான் வாழத்தகு மண்டலம்: ஏற்ற காற்று மண்டலம் இருக்குமானால், தரையில் நீர் நீராகவே நிற்கக்கூடிய பகுதி. அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் காஸ்டிங்கும் அவருடைய குழுவினரும் 1993இல் போட்ட கணக்குப்படி, பூமியை ஒரு மீட்டரில் வைத்த நம் அளவுகோலில் அது 95 சென்டிமீட்டரில் தொடங்கி 137இல் முடிகிறது. பின்னால் வந்த கணக்குகளில் வெளி எல்லை 170 வரைகூடத் தள்ளிப்போகிறது. செவ்வாயை 152 சென்டிமீட்டரில் வைப்பீர்கள் அல்லவா? தாராளமான கணக்கில் அதுவும் பட்டைக்குள் வந்துவிடும். பட்டைக்குள் மூன்று பந்துகள், உயிர் இருப்பதாக நாம் அறிந்தது ஒன்றில் மட்டும். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் ‘ஏன்?’ என்று கேட்பார்கள், கேட்க வேண்டும்.

பந்துகளின் அளவையும் கவனியுங்கள். பூமிக்குப் பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய சாத்துக்குடி என்றால், வெள்ளியும் ஏறக்குறைய அதே சாத்துக்குடிதான். செவ்வாய்க்கு ஓர் எலுமிச்சை, நிலாவுக்கு ஒரு நெல்லிக்காய். தூரத்துக்கு ஓர் அளவுகோல், உருவத்துக்கு வேறோர் அளவுகோல் என்பதை ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். சாத்துக்குடி அளவுகோலில் சூரியன் கிட்டத்தட்ட 11 மீட்டர் அகலம் வரும், வகுப்பறை கொள்ளாது.

அளவு ஏன் முக்கியம்? பாலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, மீதியை அண்டாவிலேயே வைத்தால் எது முதலில் ஆறும்? செவ்வாய் கிண்ணத்துப் பால். பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்குதான் அது. உள்ளே இருந்த வெப்பம் சீக்கிரம் வெளியேறியது. சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் காந்தப்புலம் அடங்கிப்போனது. எரிமலைகளும் படிப்படியாக ஓய்ந்தன. ஈர்ப்பு குறைவு என்பதால் காற்றைப் பிடித்துவைக்கவும் வலுவில்லை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்கள் அந்தக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயின. நம் மங்கள்யான் செவ்வாயை அடைந்த அதே 2014 செப்டம்பரில், இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன் விண்கலம் இந்த இழப்பை நேரில் அளந்தது. இன்று அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

காற்றழுத்தம் குறைந்தால் நீருக்கு என்ன ஆகும் என்பதை மேசையிலேயே செய்து காட்டலாம். ஊசி மாட்டாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்றை வாங்குங்கள். 60, 70 டிகிரி சூடுள்ள வெந்நீரை, கொதிக்கும் நீரை அல்ல, அதில் கால்பங்கு உறிஞ்சிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு, முனையை ரப்பர் மூடியால் இறுக அடைத்துத் தண்டைப் பின்னால் இழுங்கள். அடுப்பு இல்லாமல், சூடு ஏறாமல், நீர் தளதளவென்று கொதிக்கும். தண்டை விட்டால் கொதி அடங்கிவிடும். உதகையில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதும், அங்கே சாதம் வேக நேரமாவதும் இதே காரணத்தால்தான். செவ்வாயில் அழுத்தம் எவ்வளவு குறைவு என்றால், நீர் உறையும் புள்ளியும் கொதிக்கும் புள்ளியும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. பனிக்கட்டி உருகி நீராக நிற்க இடமே இல்லை, நேராக ஆவியாகிவிடும். ஆனால் 2012இல் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, பழைய ஏரியின் சேற்றுப் படிவுகளை அங்கே கண்டது. ஒரு காலத்தில் அந்த ஏரியில் தண்ணீர் தளும்பியிருக்கிறது.

பல புத்தகங்களில் ‘காந்தப்புலம் இல்லாவிட்டால் காற்று இருக்காது’ என்று ஒரு விதி போல எழுதியிருக்கும். அதை அப்படியே அட்டையில் எழுத வேண்டாம். வெள்ளிக்குச் சொந்தமாகக் காந்தப்புலம் இல்லை, ஆனாலும் பூமியைப்போல் 90 மடங்கு அழுத்தமுள்ள காற்று அதன்மேல் கவிந்திருக்கிறது.

வெள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கருத்தில் இந்தப் பாடத்தின் உயிர்நாடி அதுதான். அளவில் பூமியின் உடன்பிறப்பு. சூரியனுக்குச் சற்று அருகில், உங்கள் மேசையில் 72 சென்டிமீட்டரில். தரையில் வெப்பம் 465 டிகிரி, ஈயம் உருகிவிடும். ‘சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூடு’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பாதிக்குப் பாதிகூட இல்லை. வெள்ளியின் மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே வாங்கிக்கொள்ளும் வெயில் பூமி வாங்குவதைவிடக் குறைவு! அந்தக் கொஞ்ச வெயிலின் வெப்பத்தை வெளியே விடாமல் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கொண்ட காற்று அடைத்து வைத்திருக்கிறது. பூமிக்கும் இந்தப் போர்வை உண்டு. அது இல்லையென்றால் நம் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் 15 டிகிரி. நமக்கு மெல்லிய துப்பட்டி, வெள்ளிக்கு நூறு கம்பளி.

அப்படியானால் பூமியின் கார்பன் டை ஆக்சைடு எங்கே போனது? கல்லுக்குள். அரியலூரில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லிலும், கடற்கரைக் கிளிஞ்சலிலும் அடைபட்டுக் கிடப்பது அதுதான். உலகத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் உள்ளதை எல்லாம் வெளியே விட்டால், வெள்ளியின் காற்றில் இருப்பதோடு ஒப்பிடத்தக்க அளவு வரும்.

சிறு வயதில் பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் சுண்ணாம்பு நீற்றுவார்கள். காளவாயில் சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் சீறிக்கொண்டு கொதிக்கும். எங்களைக் கிட்டே விடமாட்டார்கள். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரியும், நாள் ஆக ஆக வெளுத்து இறுகும். பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு அது புரிந்தது. காளவாயின் சூட்டில் கிளிஞ்சல் விட்ட கார்பன் டை ஆக்சைடை, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. பூமி இதையேதான் பெரிய அளவில் செய்கிறது. எரிமலைகள் அதன் காளவாய். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பாறைகளை அரித்து, ஆற்றின் வழியே கடலுக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பாகப் படியவைக்கிறது, அது சுவர். நிலத்தட்டுகள் நகரும்போது அந்தப் படிவு பூமிக்குள் அமிழ்ந்து, மீண்டும் காளவாய்க்குப் போகிறது.

இதில் அழகு என்னவென்றால், பூமி சூடேறினால் மழையும் பாறை அரிப்பும் கூடும், கார்பன் டை ஆக்சைடு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும், எரிமலை விடுவது காற்றில் சேரும், மீண்டும் சூடு பிறக்கும். சூரியன் பிறந்த காலத்தில் இன்றைவிடச் சுமார் 30 சதவீதம் மங்கலாக இருந்தது. அன்று முதல் இன்று வரை நம் கடல்கள் முற்றிலும் வற்றியும் போகவில்லை, நிரந்தரமாக உறைந்தும் போகவில்லை என்றால் இந்தச் சுழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் வேலை. நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் கொளுத்தி ஏற்றுகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வெள்ளியில் இந்தச் சுழற்சி ஓடவில்லை, அதற்கு வேண்டிய நீர் இல்லை. நீராவியைப் புறஊதாக் கதிர் பிளக்க, இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப் போனது. அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கனமான ஹைட்ரஜன் அவ்வளவு எளிதில் தப்பாது. 1978இல் போன பயனியர் வீனஸ் கலம் அளந்தபோது, வெள்ளியில் அதன் விகிதம் பூமியில் இருப்பதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருந்தது. குடத்தில் அடி வண்டல் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்து, எவ்வளவு நீர் வற்றியிருக்கிறது என்று கணிப்பது போன்றது இது.

மேசையில் இதற்கும் ஒரு செய்முறை: கிளிஞ்சலைப் பொடித்து, வினிகர் ஊற்றினால் நுரைக்கும், வருவது கார்பன் டை ஆக்சைடு. சாக்பீஸை வைத்துச் செய்யாதீர்கள். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனவை. நுரைக்காமல் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

இனி ‘இரண்டாம் பூமி’ செய்திகள். அவற்றைப் படிக்கும்போது மாணவிகளைத் தேடச் சொல்ல வேண்டியவை: அந்தக் கோளின் அளவு, நிறை இரண்டும் தெரியுமா, ஒன்றுதான் தெரியுமா? அதன் காற்றை யாராவது பார்த்தார்களா? அதன் விண்மீன் எப்படிப்பட்டது? பெரும்பாலான செய்திகளில் முதல் கேள்வியிலேயே விஷயம் தெளிந்துவிடும். 2015இல் பெரிதாகப் பேசப்பட்ட கெப்லர்-452பி கோளுக்கு நிறையே அளக்கப்படவில்லை. அது பாறையா வாயுவா என்றே சொல்ல முடியாது.

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளைப் பற்றி வந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 124 ஒளியாண்டு தொலைவு. கேம்பிரிட்ஜில் பணிபுரியும் நிக்கு மதுசூதனின் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளில் டைமெதில் சல்ஃபைடு என்ற பொருளின் தடயம் தெரிவதாக அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. உடனே ‘உயிர் கண்டுபிடிப்பு’ என்று தலைப்புகள் பறந்தன. அந்தக் குழுவே அப்படிச் சொல்லவில்லை. அதே தரவுகளை வேறு குழுக்கள் ஆராய்ந்தபோது தடயம் வலுவாக இல்லை என்றன. உயிரே இல்லாத வால்நட்சத்திரம் ஒன்றிலும் அதே பொருளின் அறிகுறி கிடைத்திருக்கிறது. அந்தக் கோளோ பூமியைப்போல் 2.6 மடங்கு ஆரம், எட்டரை மடங்கு நிறை உடையது. கணக்குப் போட்டால் அடர்த்தி பூமியினுடையதில் பாதி வரும். கால் வைக்கத் தரை உண்டா என்பதே கேள்வி. இந்த வகுத்தலைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள், ஒன்பதாம் வகுப்புக் கணக்குதான்.

விண்மீனைப் பற்றிய கேள்வியும் கனமானது. 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனுக்கு ஏழு கோள்கள். அது சிறிய, மங்கிய சிவப்பு விண்மீன் என்பதால் அதன் வாழத்தகு மண்டலம் மிக நெருக்கத்தில் அமைகிறது. இப்படி நெருங்கிச் சுற்றும் கோள், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல் விண்மீனுக்கு ஒரு பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு விண்மீன்களின் சீற்றமும் அதன் காற்றைத் தாக்கும். ஏழில் மிக உள்ளே இருப்பதை 2023இல் ஜேம்ஸ் வெப் பார்த்தது. சொல்லும்படியான காற்று தென்படவில்லை.

பட்டைக்கு வெளியேயும் ஒரு பந்து வையுங்கள். விளக்கிலிருந்து ஒன்பதரை மீட்டர், வராந்தாவுக்கே போய்விடும். அது சனியின் துணைக்கோள் என்சலடஸ். குறுக்களவு 500 கிலோமீட்டர். சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். சனியின் ஈர்ப்பு அதைப் பிசைந்து பிசைந்து உள்ளே சூடாக்குவதால், பனி ஓட்டுக்குக் கீழே உப்புக் கடல் இருக்கிறது. 2005இல் காசினி விண்கலம் அதிலிருந்து பீறிடும் நீர்த்தாரையைக் கண்டது. அந்தத் தாரையில் கரிமச் சேர்மங்களும் ஹைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பது பின்னர் தெரியவந்தது. நீர், சத்து, ஆற்றல் மூன்றும் வெயிலே இல்லாமல் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. உயிர் இருக்கிறதா என்பது அடுத்த விண்கலங்களின் வேலை.

ஆக்சிஜன் கேட்ட மாணவிக்கு வருகிறேன். அவள் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் வரிசை தலைகீழ். பூமியில் உயிர் தோன்றியபோது காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதிப் பாறைகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் விட்டுச்சென்ற அடுக்குகள் சுமார் 350 கோடி ஆண்டு பழையவை. காற்றில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவில் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், அதுவும் வெயிலைக் கொண்டு நீரைப் பிளக்கக் கற்ற நுண்ணுயிர்களால். நீலப் பந்தின் அட்டையில் அவள் கையாலேயே 350, 240 என்ற இரண்டு எண்களை எழுதச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, நடுவில் அந்த 110 கோடி ஆண்டுகளும் இங்கே எது எதைச் சுவாசித்திருக்கும் என்று பார்வையாளர்களிடம் அவளே கேட்கட்டும்.