ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தும் இரும்பு மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 29, சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறேன். இது முதல் கர்ப்பம், 22ஆவது வாரம். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2 என்றும் ஃபெரிட்டின் 9 என்றும் வந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் குமட்டலும் மலச்சிக்கலும் வருகின்றன. ரத்தம் நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு, முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் போதுமே என்கிறார் மாமியார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். இந்த மாதங்களில் ஹீமோகுளோபின் 10.5க்குக் குறைந்தால்தான் ரத்தச்சோகை என்கிறோம் என்பதால், உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரிதான். ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். கர்ப்பிணிகளுக்கு அது 30க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை என்று கருதுகிறோம், உங்களுக்கோ 9தான் இருக்கிறது. சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும்.

ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போவதைக் காட்டிலும் தாயின் உடலில் புதிதாக உருவாகும் சிவப்பணுக்களுக்கே அதிகம் செலவாகிறது. தேவையின் பெரும்பகுதி இனிவரும் மாதங்களில்தான் வரும், பிரசவத்தில் ரத்தமும் இழக்க நேரும். கையிருப்பின்றி நீங்கள் பிரசவ அறைக்குள் போவதை நான் விரும்பவில்லை.

கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், எலுமிச்சைச் சாற்றையோ கொய்யாப்பழத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள். இருப்பினும் கீரையிலும் பேரீச்சம்பழத்திலும் உள்ள இரும்பில் சிறு பங்கையே குடல் உறிஞ்சுகிறது. மீன், ஆட்டிறைச்சி ஆகியவற்றின் இரும்பு அதைவிட நன்றாகச் சேரும் என்றாலும், தீர்ந்துபோன சேமிப்பைச் சில மாதங்களுக்குள் உணவால் மட்டும் நிரப்ப முடியாது. பெரியவர்கள் பரிந்துரைக்கும் ஆட்டு ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் கர்ப்ப காலத்தில் அது வேண்டாம். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடிக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அது இரும்பு உடலில் சேர்வதை வெகுவாகக் குறைத்துவிடும் என்பதால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

குமட்டலைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இரவில் சிறிது உணவுக்குப் பின் சாப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடுவதும் வேறு வகை மாத்திரைக்கு மாறுவதும் பலருக்கு உதவுகின்றன. மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றவும் வழியுண்டு. மலம் கறுப்பது இம்மாத்திரையால்தான், அஞ்ச வேண்டாம்.

சிங்கப்பூரில் தலசீமியா எனும் பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்கள் கணிசமாக இருப்பதால், அதற்கான உங்கள் பரிசோதனை முடிவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அது இருந்தால் கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நான்கு வாரம் கழித்து ரத்தத்தை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கிடையில் ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.